அதிவேகப் படங்களுக்கு அர்டுயினோ பிளாஷ் டிரிகர்: முழுமையான வழிகாட்டி

பலூன் வெடிக்கும்போது ரப்பர் கிழிந்து சுருண்டு ஓடுவதையும், பால் சொட்டு விழுந்த இடத்தில் கிரீடம் எழும்புவதையும் படமெடுக்க விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. கைவசம் இருக்கும் டிஎஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ், மேனுவல் பவர் வசதியுள்ள ஒரு ஸ்பீட்லைட் (கேமராவின் தலையில் மாட்டும் தனி பிளாஷ்), ஓர் அர்டுயினோ ஊனோ (நிரல் ஏற்றி இயக்கும் சிறிய மின்னணுப் பலகை), கொஞ்சம் சில்லறைப் பாகங்கள், இருட்டாக்கக்கூடிய ஓர் அறை. இவ்வளவு போதும். சத்தத்தையோ சொட்டையோ உணர்ந்து சரியான கணத்தில் பிளாஷை எரிய வைக்கும் கருவியை, அதாவது பிளாஷ் டிரிகரை, இவற்றைக் கொண்டு நாமே கட்டப்போகிறோம். பொறுமையும் சேர்ந்தால் ஒரு வார இறுதியில் முதல் நல்ல படம் கிடைத்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் தெளிவாகிவிட வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் கட்டத் தொடங்குபவர்கள்தான் பாதியில் சலித்து விட்டுவிடுகிறார்கள்.

அசைவை உறைய வைப்பது பிளாஷ், ஷட்டர் அல்ல

45 செ.மீ. உயரத்திலிருந்து விழும் சொட்டு, கீழே வந்து சேரும்போது நொடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் வேகத்தில் இருக்கும். பெரும்பாலான கேமராக்களில் பிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250. 1/200 நொடிக்குள் அந்தச் சொட்டு 15 மி.மீ. நகர்ந்துவிடும். அதாவது தன் விட்டத்தைப் போல மூன்று மடங்கு தூரம். படத்தில் ஒரு வெள்ளைக் கோடுதான் மிஞ்சும்.

ஸ்பீட்லைட்டின் வெளிச்சம் அப்படியல்ல. முழு பவரில் அது தோராயமாக 1/1000 நொடி எரியும். பவரைக் குறைத்தால் வெளிச்சத்தின் அளவு மட்டுமல்ல, எரியும் நேரமும் சுருங்கும். உள்ளே இருக்கும் ஐஜிபிடி என்ற ஸ்விட்ச் பாதியிலேயே மின்னோட்டத்தை வெட்டிவிடுவதுதான் காரணம். 1/64, 1/128 பவரில் பல மாடல்களில் அது 1/20000 நொடிக்கும் கீழே போய்விடும். அந்த நேரத்தில் நம் சொட்டு நகர்வது 0.15 மி.மீ. மட்டுமே. படம் கூர்மையாக நிற்கும்.

அதனால் முறை இதுதான்: அறையை இருட்டாக்கி, ஷட்டரை முன்கூட்டியே திறந்து வைத்துவிட்டு, சரியான கணத்தில் பிளாஷை மட்டும் வெடிக்க விட வேண்டும். கேமராவையே டிரிகர் செய்ய நினைத்தால் ஷட்டர் தாமதம் குறுக்கே வரும். பல டிஎஸ்எல்ஆர்களில் பட்டன் அழுத்தியதற்கும் ஷட்டர் திறப்பதற்கும் இடையில் 50 முதல் 100 மில்லிநொடி ஆகும். அதற்குள் பலூன் இருந்த இடத்தில் பலூன் இருக்காது. பிளாஷுக்கு இந்தத் தாமதம் மைக்ரோநொடிக் கணக்கில்தான்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்டன் பல பத்தாண்டுகள் செய்ததும் இதுவே. 1957இல் அவர் எடுத்த பால் சொட்டுக் கிரீடமும், 1964இல் ஆப்பிளைத் துளைத்து வெளியேறும் துப்பாக்கிக் குண்டும் உலகம் முழுக்கப் பார்த்த படங்கள். குண்டின் சத்தத்தை மைக் வழியாகக் கேட்டே பிளாஷ் எரிந்தது. ஆனால் அவருடைய பிளாஷ் ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவாக எரியக்கூடியது. நொடிக்கு 300 மீட்டர் போகும் பொருளை நம் ஸ்பீட்லைட்டின் 1/20000 நொடியில் எடுத்தால் 15 மி.மீ. தேய்ந்துதான் தெரியும். ஆகவே பலூன், சொட்டு, உடையும் கண்ணாடி, தண்ணீரில் விழும் பழம் ஆகியவைதான் நம் எல்லை. அதுவே நிறைய.

வாங்க வேண்டியவை

அர்டுயினோ ஊனோ (நானோவும் அதே ஏடிமெகா328 சிப்தான், தாராளமாகப் பயன்படுத்தலாம்). பிசி817 ஆப்டோகப்ளர் இரண்டு, உடைந்தால் மாற்ற இன்னும் இரண்டு. 330 ஓம் ரெசிஸ்டர்கள், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. எல்எம்393 கம்பரேட்டர் (சத்தம் ஓர் அளவைத் தாண்டியதா என்று சொல்லும் சிப்) உள்ள மைக் மாட்யூல். 5 மில்லிவாட் சிவப்பு லேசர் மாட்யூல், ஒரு போட்டோடிரான்சிஸ்டர் (ஒளி பட்டால் மின்சாரத்தைக் கடத்துவது). 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (திருகினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்), புஷ் பட்டன், பிரெட்போர்டு, ஜம்பர் வயர்கள். பிளாஷோடு இணைக்க, வயர் சாக்கெட் உள்ள ஹாட்ஷூ (பிளாஷின் அடிப்பகுதியை மாட்டும் தடம்) அடாப்டர் ஒன்று. சென்னைக்காரர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை போனால் பெரும்பாலும் எல்லாமே கிடைக்கும். மற்றவர்களுக்கு ஆன்லைன் இருக்கிறது.

ஒளியை உணர எல்டிஆர் (ஒளிக்கேற்ப மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) வாங்காதீர்கள். மலிவுதான், ஆனால் வெளிச்சம் மாறியதை அது சொல்வதற்கே பல மில்லிநொடி எடுக்கும். டிவி ரிமோட்டுக்கான டிசாப் வகை ரிசீவரும் வேண்டாம். அது 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் ஒளிக்காகச் செய்யப்பட்டது. இங்கே தேவையில்லாத சிக்கல்.

முதல் படி: பிளாஷின் வோல்டேஜை அளத்தல்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பிளாஷை ஆன் செய்து முழுதாகச் சார்ஜ் ஆக விடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்டேஜில், உயர்ந்த அளவு ரேஞ்சில் வைத்து, சிவப்பு முனையை பிளாஷின் அடியில் நடுவில் இருக்கும் பெரிய புள்ளியிலும், கறுப்பு முனையைப் பக்கவாட்டு உலோகத்திலும் வையுங்கள். இன்றைய ஸ்பீட்லைட்டுகளில் பத்து வோல்ட்டுக்குள்தான் பெரும்பாலும் காட்டும். அப்படியானால் பிசி817 போதும்.

பழைய பிளாஷ்களின் கதை வேறு. விவிட்டார் 283இன் ஆரம்பகாலப் பதிப்புகளில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அந்த வோல்டேஜ் பிசி817ஐ ஒரே அடியில் கொன்றுவிடும். கேமராவில் மாட்டினால் கேமராவுக்கும் ஆபத்து. அத்தகைய பிளாஷ்தான் இருக்கிறது என்றால், 400 வோல்ட் தாங்கும் மோக்3021 டிரையாக் ஆப்டோகப்ளரைப் பயன்படுத்துங்கள். அதன் எல்இடிக்கு 15 மில்லிஆம்பியர் தேவை என்பதால் 330க்குப் பதில் 220 ஓம் போட வேண்டும்.

எந்தக் காரணத்துக்காகவும் பிளாஷின் உடலைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கப்பாசிட்டரில் ஏறக்குறைய 300 வோல்ட் தேங்கி நிற்கும், ஆஃப் செய்த பிறகும்.

இரண்டாம் படி: பிளாஷை எரிய வைத்தல்

அர்டுயினோவையும் பிளாஷையும் நேரடியாக வயரால் இணைக்கக் கூடாது. நடுவில் ஆப்டோகப்ளர் இருக்கட்டும். அதன் ஒரு பக்கம் ஓர் எல்இடி, மறுபக்கம் ஒளிபட்டால் மின்சாரத்தைக் கடத்தும் டிரான்சிஸ்டர். இரண்டுக்கும் இடையில் ஒளி மட்டுமே பயணிப்பதால், பிளாஷ் பக்கம் எது நடந்தாலும் அர்டுயினோ பிழைக்கும்.

பிசி817இன் மேல் சிறு புள்ளி இருக்கும் மூலைதான் 1ஆம் கால். அர்டுயினோவின் 8ஆம் பின்னிலிருந்து (பலகையில் வயர் செருகும் துளைதான் பின்) 330 ஓம் வழியாக 1ஆம் காலுக்கு, 2ஆம் கால் கிரவுண்டுக்கு. 5 வோல்ட்டில் எல்இடியின் 1.2 வோல்ட்டைக் கழித்து 330ஆல் வகுத்தால் 11.5 மில்லிஆம்பியர் வரும்; பின்னுக்கும் பாதுகாப்பு, எல்இடிக்கும் போதும். மறுபக்கம் 4ஆம் கால் கலெக்டர், அது பிளாஷின் நடுப்புள்ளிக்கு. 3ஆம் கால் எமிட்டர், பக்கவாட்டு உலோகத்துக்கு.

சென்சார் எதையும் இணைக்காமல், 5 நொடிக்கு ஒருமுறை 8ஆம் பின்னை 10 மில்லிநொடி ஹையாக்கி (5 வோல்ட்) லோவாக்கும் (0 வோல்ட்) சின்ன நிரலை ஏற்றிப் பாருங்கள். பிளாஷ் தவறாமல் எரிய வேண்டும். எரியவில்லையென்றால் பெரும்பாலும் 3, 4ஆம் கால்கள் இடம் மாறியிருக்கும். ஒருமுறை எரிந்து அதன்பின் அசையாமல் நின்றால், 8ஆம் பின் லோவுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். சுற்று மூடியே இருந்தால் பிளாஷ் மறுபடி எரியாது.

மூன்றாம் படி: கேட்கும் காது

பலூனுக்கு மைக் மாட்யூல். அதன் டிஜிட்டல் அவுட்டை அர்டுயினோவின் 2ஆம் பின்னுக்கு இணைத்து, 5 வோல்ட்டும் கிரவுண்டும் கொடுங்கள். மாட்யூலில் இருக்கும் நீல நிறத் திருகுதான் உணர்திறன். சிறிய ஸ்குரூடிரைவரால் அதைத் திருப்பி, மாட்யூலின் சின்ன எல்இடி எரிகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு அது அணைகிற பக்கமாகக் கொஞ்சம் பின்னால் வந்து, அரை மீட்டர் தள்ளிக் கைதட்டினால் மட்டும் மினுக்குகிற இடத்தில் நிறுத்துங்கள். பேச்சுக்கு மினுக்கக் கூடாது. சத்தம் கேட்டதும் அவுட் ஹையாகிறதா லோவாகிறதா என்பது மாட்யூலுக்கு மாட்யூல் மாறும். சீரியல் மானிட்டரில் (அர்டுயினோ அனுப்புவதைக் கணினித் திரையில் காட்டும் சாளரம்) பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

சொட்டுக்கு லேசர். போட்டோடிரான்சிஸ்டரின் எமிட்டரைக் கிரவுண்டுக்கும், கலெக்டரை 2ஆம் பின்னுக்கும் இணைத்து, அதே பின்னிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு ஒரு இணைப்பு கொடுங்கள். கதிர் பட்டுக்கொண்டிருக்கும்போது 2ஆம் பின் லோ. சொட்டு கதிரை மறைத்ததும் ஹை. சென்சாரின் முன்னால் இரண்டு செ.மீ. நீளத்துக்குக் கறுப்பு ஸ்ட்ராவை மாட்டிவிட்டால் பக்கவாட்டு வெளிச்சம் நுழையாது. லேசரைக் கண்மட்டத்தில் வைக்காதீர்கள். அது பட்டுத் திரும்பும் இடத்தில் பளபளப்பான பாத்திரம் எதுவும் இருக்கக் கூடாது.

நான்காம் படி: நிரல்

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சென்சார் சொன்னதிலிருந்து பிளாஷ் எரியும்வரை அர்டுயினோ எவ்வளவு குறைவாக வேலை செய்கிறதோ, டிரிகர் அவ்வளவு நல்லது.

பல எடுத்துக்காட்டு நிரல்கள் மைக்கை, வோல்டேஜை எண்ணாக அளக்கும் அனலாக்ரீட் கட்டளையால் படிக்கின்றன. ஊனோவில் ஒரு அனலாக்ரீட்டுக்கு 100 மைக்ரோநொடிக்கு மேல் ஆகும். நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் ஓடும் ரப்பர் விளிம்பு அதற்குள் 1 செ.மீ. போய்விடும். அதைவிட மோசம், ஒவ்வொரு முறையும் தாமதம் ஒரே மாதிரி இருக்காது. வாசிப்பின் தொடக்கத்தில் சத்தம் வந்ததா முடிவில் வந்ததா என்பதைப் பொறுத்து மாறும். நிலையான தாமதத்தைக் கணக்கில் கழித்துவிடலாம், மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஹையா லோவா என்று மட்டும் பார்க்கும் டிஜிட்டல்ரீட்டுக்குச் சில மைக்ரோநொடிதான். இன்னும் வேகம் வேண்டுமென்றால் டி போர்ட்டின் ரெஜிஸ்டரை (0 முதல் 7 வரையான பின்களின் நிலையை வைத்திருக்கும் இடம்) நேரடியாகப் படித்து அதன் 2ஆம் பிட்டைப் பார்க்கலாம். ஒரு மைக்ரோநொடிக்குள் முடிந்துவிடும்.

நிரலின் ஓட்டத்தை இப்படி அமையுங்கள்:

1. பட்டன் அழுத்தப்படும்வரை சும்மா காத்திரு.
2. அழுத்தியதும் பொட்டென்ஷியோமீட்டரை ஒருமுறை படித்து, தாமதத்தை மைக்ரோநொடியில் கணக்கிட்டு ஒரு மாறியில் வைத்துக்கொள். சீரியலில் அச்சிட வேண்டியதையும் இப்போதே அச்சிட்டுவிடு.
3. கேமராவின் ஷட்டரைத் திற. அரை நொடி பொறு.
4. வேறெதுவும் செய்யாமல் 2ஆம் பின்னை மட்டும் பார்த்துக்கொண்டே சுற்று. 10 நொடியில் ஒன்றும் நடக்கவில்லையென்றால் ஷட்டரை மூடிவிட்டு ஒன்றாம் படிக்குப் போ.
5. 2ஆம் பின் மாறியதும் கணக்கிட்ட தாமதம் முடியும்வரை காத்திரு. பிளாஷ் பின்னை 10 மில்லிநொடி ஹையாக்கு.
6. ஷட்டரை மூடு. ஒன்றாம் படிக்குத் திரும்பு.

மூன்றாவது வரியில் வரும் அரை நொடிக்குக் காரணம் உண்டு. டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி மேலே எழும்பும் சத்தமே மைக்குக்குப் போதும். பொறுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் கேமராவின் சத்தத்துக்கே பிளாஷ் எரியும். ஆறாவதில் திரும்பவும் பட்டனுக்காகக் காத்திருக்கச் செய்வதும் அப்படித்தான். பலூன் வெடித்த எதிரொலியோ தெறித்த துளியோ இரண்டாவது முறை பிளாஷை எரித்தால், ஒரே படத்தில் இரண்டு பிம்பங்கள் கலந்துவிடும்.

தாமதத்துக்கு டிலேமைக்ரோசெகண்ட்ஸ் கட்டளையை அப்படியே நம்பாதீர்கள். 16383க்கு மேல் கொடுத்தால் அது தவறாக ஓடும். சொட்டுக்கு நமக்கு இரண்டு லட்சம் மைக்ரோநொடி தேவைப்படும். அதனால் மைக்ரோஸ் கட்டளையில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, வித்தியாசம் தேவையான அளவு வரும்வரை சுற்றவிடுங்கள். அதன் துல்லியம் 4 மைக்ரோநொடி, தாராளம். நேரத்தை வைக்கும் மாறிகள் எல்லாம் அன்சைன்டு லாங் வகையாக இருக்கட்டும்.

ஐந்தாம் படி: கேமரா

இரண்டாவது பிசி817ஐ அதே போல 9ஆம் பின்னில் இணைத்து, கேமராவின் ரிமோட் சாக்கெட்டுக்குக் கொண்டுபோங்கள். 2.5 மி.மீ. ஜாக் உள்ள கேனான் மாடல்களில் நுனி ஷட்டர், நடு வளையம் போகஸ், அடிப்பாகம் பொது. நுனியையும் வளையத்தையும் சேர்த்துக் கலெக்டருக்கு, அடிப்பாகத்தை எமிட்டருக்கு. வேறு கம்பெனிகளின் சாக்கெட் வேறு வடிவம், வேலை செய்யும் விதம் இதேதான். இவ்வளவு வேண்டாம் என்று நினைத்தால், ஷட்டர் நேரத்தை 4 நொடியாக வைத்து நீங்களே கையால் அழுத்துங்கள். தொடக்கத்துக்கு அதுவே போதும்.

மேனுவல் மோடு, பல்பு (அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் முறை), எஃப்/8 அல்லது எஃப்/11, ஐஎஸ்ஓ 200 முதல் 400. பிளாஷ் மேனுவலில் 1/64, பொருளிலிருந்து அரை மீட்டர் தள்ளி. டிடிஎல் (கேமராவே பிளாஷின் அளவை முடிவு செய்யும் முறை) வேண்டாம், ஹைஸ்பீட் சிங்க் கட்டாயம் வேண்டாம். பெயரில் வேகம் இருந்தாலும் அது பிளாஷை நீண்ட நேரம் துடிக்க வைத்து எரிப்பது. நமக்குத் தேவையானதற்கு நேர் எதிர். பெரிய ஸ்டுடியோ லைட் வைத்திருப்பவர்களும் கவனிக்க: பழைய ஸ்டுடியோ லைட்டுகள் பலவற்றில் பவரைக் குறைத்தால் எரியும் நேரம் நீளும்.

போகஸ் மேனுவல்தான். சொட்டு விழும் இடத்தில் ஒரு பென்சிலை நிறுத்தி, லைவ் வியூவில் பெரிதாக்கி அதன் நுனியைக் கூர்மையாக்கிவிட்டுப் பென்சிலை எடுத்துவிடுங்கள்.

பிளாஷை ஆஃப் செய்துவிட்டு, விளக்கை அணைத்து, ஷட்டரை 5 நொடி திறந்து ஒரு படம் எடுங்கள். முழுக் கறுப்பாக வர வேண்டும். வரவில்லையென்றால் வெளிச்சம் எங்கிருந்தோ கசிகிறது. கதவிடுக்கைத் தேடுவதற்கு முன் அர்டுயினோவின் பச்சை பவர் எல்இடியைப் பாருங்கள். இருட்டறையில் அது எவ்வளவு பிரகாசம் என்பது அப்போதுதான் தெரியும். அதன் மேலும், மைக் மாட்யூலின் எல்இடிகள் மேலும் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

பலூன்

கறுப்புத் துணியைப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளித் தொங்கவிட்டு, பிளாஷைப் பக்கவாட்டில் வையுங்கள். துணியின் மேல் வெளிச்சம் படாதபடி ஒரு கறுப்பு அட்டை தடுக்கட்டும். பலூனை நன்றாக ஊதுங்கள். இறுக்கமாக இருந்தால்தான் விரிசல் வேகமாகப் பலதிசைகளில் ஓடும்.

இதில் தாமதத்தை நிரலில் மாற்றவே வேண்டாம், மைக்கை நகர்த்தினால் போதும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். மைக் 30 செ.மீ. தள்ளி இருந்தால் 0.9 மில்லிநொடி, ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் 2.9 மில்லிநொடி. பலூனை ஒட்டி வைத்தால் ஊசி குத்திய இடத்தில் கிழிசல் தொடங்குவது கிடைக்கும். தள்ளிப் போகப் போக, ரப்பர் சுருங்கிப் பறப்பது. ஊசியை ஒரு நீளமான குச்சியின் முனையில் ஒட்டிக் குத்துங்கள், கை படத்தில் வராது. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், ரப்பர்த் துண்டு வேகமாகத் தெறிக்கும்.

தண்ணீர் பலூன் இன்னும் அழகு. ரப்பர் முழுக்க விலகிய பிறகும் தண்ணீர் ஒரு கணம் பலூனின் வடிவத்திலேயே நிற்கும். சத்தம் குறைவு என்பதால் மைக்கைப் பக்கத்தில் வைத்து உணர்திறனைக் கூட்ட வேண்டும். அர்டுயினோ, பிளாஷ் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை. சுவர் மின்சாரத்தில் ஓடும் எதுவும் அந்த மேசையில் வேண்டாம். பவர் பேங்கிலிருந்து அர்டுயினோவுக்கு மின்சாரம் கொடுக்கலாம், ஆனால் சில பவர் பேங்குகள் இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தைப் பார்த்து ஒன்றும் இணைக்கவில்லை என்று தானாகவே அணைந்துவிடும்.

பால் சொட்டு

சொட்டுக் குழாயின் நுனி பால் மட்டத்திலிருந்து 45 செ.மீ. உயரத்தில், லேசர் கதிர் நுனிக்கு 5 செ.மீ. கீழே என்று வைத்துக்கொள்வோம். விழும் நேரம், உயரத்தை இரண்டால் பெருக்கி 9.81ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வரும். 45 செ.மீ.க்கு 303 மில்லிநொடி. முதல் 5 செ.மீ.க்கு 101. இரண்டுக்கும் வித்தியாசம் 202. ஆக, கதிர் மறைந்து 202 மில்லிநொடியில் சொட்டு பாலைத் தொடும். சொட்டுக்கும் ஒரு பருமன் இருப்பதால் நடைமுறையில் கொஞ்சம் முன்பின் ஆகும்.

முதலில் 195இல் ஒரு படம் எடுங்கள். சொட்டு இன்னும் காற்றில் தெரிந்தால் கணக்கு சரி. அங்கிருந்து 2 மில்லிநொடியாகக் கூட்டிக்கொண்டே போங்கள். தொட்டவுடன் மெல்லிய வளையம் ஒன்று எழும்பும்; அதன் விளிம்பு தடித்து, முனைகள் பிரிந்து, ஒவ்வொரு முனையிலும் ஒரு மணி உருளும். கிரீடத்துக்குத் தட்டில் பால் 2, 3 மி.மீ. ஆழம் மட்டும் இருக்க வேண்டும். ஆழமான பாத்திரமாக இருந்தால் கிரீடம் அமுங்கிய பிறகு நடுவிலிருந்து ஒரு தூண் எழும்பும். அதற்குப் பல பத்து மில்லிநொடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். வெறும் தண்ணீரைவிடப் பால் எளிது: லேசரை நன்றாக மறைக்கும், வெளிச்சத்தில் வடிவம் தெளிவாகத் தெரியும்.

கைசொட்டுக் குழாயை அழுத்தும்போது சொட்டின் அளவு மாறும். அளவு மாறினால் கிரீடமும் மாறும். குளுக்கோஸ் ஏற்றும் குழாய்செட்டை ஒரு பாட்டிலில் மாட்டி, அதன் உருளையை மெதுவாகத் திறந்துவிட்டால் ஒரே அளவில் சீராகச் சொட்டும். ஒவ்வொரு படத்துக்கும் உயரம், தாமதம், பால் ஆழம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே வடிவத்தைத் திரும்பப் பிடிக்க அந்தக் குறிப்புதான் உதவும்.

அடுத்த கட்டம்

எழும்பிய தூணின் தலையில் இரண்டாவது சொட்டு மோதிக் குடைபோல் விரியும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சொட்டு விழுவதையே அர்டுயினோ கட்டுப்படுத்த வேண்டும். 12 வோல்ட் சொலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) ஒன்று, அதை இயக்க ஐஆர்எல்இசட்44என் போன்ற லாஜிக் லெவல் மாஸ்பெட் (அர்டுயினோவின் 5 வோல்ட்டே இயக்கக்கூடிய மின்னணு ஸ்விட்ச்) ஒன்று, தனி 12 வோல்ட் அடாப்டர் ஒன்று. அடாப்டரைத் தண்ணீர் தெறிக்காத இடத்தில் தள்ளி வைத்து, 12 வோல்ட் வயரை மட்டும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். அடாப்டரின் மைனஸும் அர்டுயினோவின் கிரவுண்டும் இணைந்திருக்க வேண்டும். வால்வின் இரு முனைகளுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, அதன் வெள்ளிக் கோடு பாசிட்டிவ் பக்கம் பார்க்கும்படி. இல்லையென்றால் வால்வு அணையும்போது எழும் வோல்டேஜ் மாஸ்பெட்டை எரித்துவிடும். இதில் லேசர் தேவையில்லை. வால்வு முதலில் திறக்கும் நேரம், இரண்டு சொட்டுக்கும் இடைவெளி, பிளாஷ் வரைக்குமான தாமதம் ஆகிய மூன்று எண்களையும் நீங்களே வைத்திருப்பீர்கள். முதலில் ஒரே சொட்டில் தூண் மிக உயரமாக நிற்கும் நேரத்தைக் கண்டுபிடித்து அதை நிலையாக வைத்துக்கொண்டு, பிறகு இரண்டாவது சொட்டின் இடைவெளியை மட்டும் 1 மில்லிநொடியாக மாற்றிப் பாருங்கள்.